வெறும் வயிற்றுக் காபி

காலையில் செங்கம் சாலையில் நடக்கப் போகிறோமே நம் கூட்டம், அதில் இப்போதெல்லாம் கால்களைவிட வாய்தான் அதிகம் நடக்கிறது. மூட்டு வலி, சர்க்கரை, மருமகள் என்று சுற்றிவிட்டு எப்படியும் காபியில் வந்து நின்றுவிடுகிறோம். காபி இதயத்துக்கு நல்லதாம் என்று ஒருத்தி கைப்பேசியை நீட்டுகிறாள். மறுநாள் அதே கைப்பேசியில் காபி எலும்பை அரிக்குமாம். போன வாரம் நம்மில் ஒருத்தி பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்திவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு வீட்டிலேயே படுத்துக்கொண்டாள். நடக்கவே வரவில்லை. அதற்குப் பிறகுதான் எல்லாருமாக என் பக்கம் திரும்பி, "நீயும் நிறுத்திப் பாரேன்" என்று ஆரம்பித்தீர்கள்.

நான் நிறுத்தப் போவதில்லை. காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். இரண்டும் வயிற்றில் ஏதாவது போட்ட பிறகுதான். மூன்றாவது டம்ளரை யார் வீட்டில் எப்படி உபசரித்துக் கொடுத்தாலும் தொடமாட்டேன். இது என் அம்மா வைத்த சட்டம். அது எப்படி வந்தது என்று நடந்துகொண்டே சொல்லலாம்தான், ஆனால் அடி அண்ணாமலைத் திருப்பம் வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடுகிறது. அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். படித்துவிட்டு அப்புறம் கேளுங்கள், நிறுத்தலாமா வேண்டாமா என்று.

எழுபதுகளின் கடைசி. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். பெரிய தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. அப்பாவுக்கு மல்லாட்டை மண்டி. மல்லாட்டை என்றால் வேர்க்கடலை என்று வெளியூர்க்காரர்களுக்குத்தான் சொல்ல வேண்டும், உங்களுக்கு வேண்டாம். அப்பா வீட்டுக்குள் நுழைந்தால் கோணிச் சாக்கும் மண்ணும் கலந்த ஒரு வாடை முன்னால் வரும். அம்மாவிடம் எப்போதும் காபி வாசனை. புடவைத் தலைப்பில்கூட இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அவள் மடியில் முகத்தைப் புதைத்தால் அந்த வாசனைதான் எனக்கு வீடு.

காபித்தூள் வாங்க என்னைத்தான் அனுப்புவாள். தேரடித் தெருவில் அரைக்கும் கடை. கொட்டையைக் கண்ணெதிரே அரைத்துக் கொஞ்சம் சிக்கரி கலந்து பொட்டலம் கட்டித் தருவார்கள். பொட்டலம் சூடாக இருக்கும். மார்கழிக் குளிரில் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவேன். "காபி குடிச்சா கறுத்துப் போயிடுவே" என்று வீட்டில் எனக்கு மட்டும் ஒரு சொட்டு தரமாட்டார்கள். நான் அப்போதே போதுமான அளவு கறுப்புத்தான். அந்தக் காரணம் எனக்குக் கடைசிவரை புரியவில்லை.

எங்கள் வீட்டுக் காபிக்கு ஒரு வரிசை இருந்தது. முதல் டிகாக்‌ஷன் அப்பாவுக்கு. இரண்டாவது மண்டியிலிருந்து வருகிறவர்களுக்கு. அதற்குப் பிறகு அந்தச் சக்கையிலேயே வெந்நீர் ஊற்றி வடித்தது அம்மாவுக்கு. கலர் என்னவோ சுமார்தான். ஆனால் பாலையும் சர்க்கரையையும் தாராளமாகப் போட்டுக்கொள்வாள். எழுந்ததும் ஒன்று, இட்லி வேகும்போது ஒன்று, அப்பா மண்டிக்குப் போனதும் ஒன்று. எத்தனை ஆகிறது என்று அவளுக்கே தெரியாது.

ஏன் அவ்வளவு குடித்தாள் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு எனக்குப் பதில் தெரியும். அவளுக்குப் பசித்தது. அப்பா சாப்பிட்டு, நான் சாப்பிட்டு, வந்தவர் போனவர் சாப்பிட்டு, குளித்து விளக்கேற்றி, மதியச் சமையலும் முடித்துச் சூரியன் உச்சிக்கு வந்த பிறகுதான் அவள் தட்டில் சோறு விழும். வீட்டுக்காரி முதலில் உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் பக்கத்தில் கிடையாது. உங்கள் வீடுகளிலும் அப்படித்தான், தெரியும். அதுவரைக்கும் அவளைத் தாங்கிப் பிடித்தது அந்தத் தண்ணிக் காபியில் இருந்த பாலும் சர்க்கரையும்.

இதில் விரதம் வேறு. நம் ஊரில் விரதத்துக்கா பஞ்சம்? திங்கட்கிழமை, கிருத்திகை, சஷ்டி, பிரதோஷம், பௌர்ணமி. நான் ஒரே பெண், எனக்குப் பின்னால் ஒரு ஆண் குழந்தை வேண்டும் என்று அம்மா எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் காபி விரதத்தில் சேராது. யார் போட்ட விதியோ, சோறு கூடாது, பலகாரம் கூடாது, காபி மட்டும் கூடும். ஒருநாள் நான் கேட்டேன்.

"ஏம்மா, நீ காபி குடிக்கிறத சாமி பாக்க மாட்டாரா?"

"அவருக்குத்தான் காலையிலயே குடம் குடமா பால் ஊத்துறாங்களே. எனக்கு அதுல கொஞ்சம் தூள் கலந்து ஊத்துறாங்கன்னு வெச்சுக்கோயேன்."

அப்படிப் பேசுகிறவள் என் அம்மா. அந்த வருஷம் ஆடி மாசத்தில் அவள் பேச்சு நின்றுபோனது. வயிற்றில் இருந்தது கலைந்துவிட்டது. எனக்கு யாரும் சொல்லவில்லை, உள் அறையில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததைத்தான் பார்த்தேன். அன்றைக்கே கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் அத்தை வந்து இறங்கினாள். அப்பாவின் அக்கா. மாமா காலமான பிறகு தனி ஆளாக நிலத்தைப் பார்த்துக்கொண்டு, அப்பாவையும் படிக்க வைத்தவள். அவள் சொல் எங்கள் வீட்டில் மறுபேச்சு இல்லாத சொல். ஒரு பை கேழ்வரகு மாவோடு வந்தவள், வாசலிலேயே மோந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"வூடே காபி நாத்தம் அடிக்குது. அப்புறம் கரு எங்க தங்கும்?"

அத்தை காபியே குடிக்காதவள். காலையில் ஒரு சொம்பு கூழ், ஒரு வெங்காயம், அதோடு கழனிக்குப் போகிறவள். காபி பித்தம், காபி சூடு, காபி ரத்தத்தைச் சுண்டிவிடும் என்பதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. கெட்ட மனுஷி இல்லை. ராத்திரியெல்லாம் அம்மாவின் காலைப் பிடித்துவிட்டவள் அவள்தான். அவளே அம்மாவை ரிக்‌ஷாவில் ஏற்றி லேடி டாக்டரிடம் கூட்டிப்போனாள். அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அம்மா இருந்த நிலையில் டாக்டரம்மா பேசியது அவள் காதில் ஏறவில்லை. கேட்டதெல்லாம் அத்தைதான். வெளியே வந்ததும் அத்தை சொன்னது இதுதான்.

"நான் சொன்னதையேதான் அந்தம்மாவும் சொன்னாங்க தம்பி. காபிதான். அத விடணுமாம்."

அத்தை பொய் சொல்லவில்லை. கேட்க நினைத்துப் போனதைக் கேட்டுவிட்டு வந்தாள், அவ்வளவுதான். நம்மில் பாதிப் பேர் இன்றைக்கும் டாக்டரிடம் அப்படித்தான் போய் வருகிறோம்.

அப்பா தயங்கித் தயங்கி அம்மாவிடம் சொன்னார். அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"இவ்ளோதானேங்க? விட்டுடறேன்."

"கொஞ்சம் கொஞ்சமா..."

"வேணாம். இன்னிலேர்ந்தே விட்டுடறேன்."

சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து அவள் காபியைத் தொடவில்லை. அப்பாவும் தனக்கு வேண்டாம் என்றுவிட்டு மண்டிக்குப் பக்கத்து ஓட்டலில் குடித்துக்கொண்டார். இந்தத் தியாகத்தை அத்தை பெருமையாக எல்லாரிடமும் சொன்னாள்.

பித்தளை ஃபில்டரையும் அத்தை எங்கள் வீட்டில் விட்டுவைக்கவில்லை. சைக்கிளில் எவர்சில்வர் சாமான் கொண்டுவருகிறவர் அப்போது தெருத்தெருவாக வருவார், பழைய பித்தளைக்குப் புது எவர்சில்வர் தருவார். கனமான அந்த ஃபில்டரைக் கொடுத்து, ஊதினால் பறக்கும்போல ஒரு கிண்ணம் வாங்கினாள் அத்தை. ஃபில்டரின் பக்கவாட்டில் ஒரு நெளிவு இருக்கும், நான் சின்ன வயதில் கீழே போட்டது. மூடியைத் திருகினால் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும், அதுதான் எங்களை எழுப்பும். இப்போது ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்களுக்குப் பழம்பொருள் விற்கிற கடைகளில் அந்த மாதிரி ஃபில்டரைக் கண்டால் எடுத்துத் திருப்பிப் பார்க்காமல் என்னால் நகர முடிவதில்லை. இதுவரை அந்த நெளிவு அகப்படவில்லை.

காபியை விட்ட அடுத்த நாளே தலைவலி வந்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, போன வாரம்தான் பார்த்தோம். அம்மா நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டு, வெள்ளைத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றாள். வெளிச்சம் பட்டால் கண்ணை மூடிக்கொள்வாள். அத்தைக்கு அதில் ஒரு திருப்தி.

"பாத்தியா தம்பி, உள்ள இருந்த விஷம் இறங்குது. எவ்ளோ சேந்திருக்கு பாரு."

சில நாளில் வலி போய்விட்டது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், காபிக்காக வக்காலத்து வாங்க நான் இதை எழுதவில்லை. அம்மாவுக்கு முன்பு இருந்த கைநடுக்கமும் படபடப்பும் நின்றன. அடித்துப் போட்டதுபோலத் தூங்கினாள். அவளுக்குக் காபி ஜாஸ்தியாகத்தான் போயிருந்தது. கம்மி பண்ண வேண்டியதுதான். அதோடு நிறுத்தியிருந்தால் அத்தைக்கு நான் கோயில் கட்டியிருப்பேன்.

ஆனால் எங்களோடேயே தங்கிவிட்ட அத்தை விரதத்தை இறுக்கினாள். "பிள்ளைக்காக இருக்கிற விரதம், பச்சத் தண்ணியோட இருந்தாத்தான் பலிக்கும்" என்றாள். முன்பு விரத நாளில் அம்மா வயிற்றுக்குள் போனது அந்தக் காபிப் பால் ஒன்றுதான். இப்போது அதுவும் இல்லை. மற்ற நாட்களில் பழைய வரிசை அப்படியே இருந்தது. எல்லாரும் தின்ற பிறகு அவள். புரட்டாசி போய் ஐப்பசி வந்தபோது அம்மாவின் ரவிக்கைகள் தொளதொளவென்று ஆகியிருந்தன. வளையல் முழங்கைவரை ஏறியது. "உடம்பு லேசாயிடுச்சு, இனிமே கரு நிக்கும்" என்றாள் அத்தை. அப்பா தலையாட்டினார். எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். யார் கண்ணிலும் படவில்லை.

பக்கத்து வீட்டில் காபி இறக்கும் நேரத்துக்கு அம்மா கொல்லைப்பக்கம் துணி உலர்த்தப் போவாள். துணி எப்போதோ உலர்ந்திருக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நிற்பாள். நான் பார்த்துவிட்டால் சிரிப்பாள்.

"வாசனைக்கு விரதம் இல்லடி."

கார்த்திகை வந்தது. தீபத் திருவிழாவுக்கு எந்த வீட்டில் எத்தனை பேர் வந்து விழுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் கூடத்தில் படுத்தவர்கள் போக மாடிப்படியிலும் படுத்திருந்தார்கள். கொடியேறியதிலிருந்து அம்மா ஒருபொழுது. தீபத்தன்று அதுவும் இல்லை, மலைமேல் ஜோதி ஏறும்வரை தண்ணீர்தான். ஏறியவுடன் வந்தவர்கள் அத்தனை பேரும் விரதம் முடிக்க வேண்டுமே, அதனால் விடியற்காலையிலிருந்து அவள் அடுப்பை விட்டு நகரவில்லை. வடை, அதிரசம், பாயசம், அவல் பொரி உருண்டை. உப்புக்கூட ருசி பார்க்காமல் அவ்வளவையும் கைக் கணக்கிலேயே செய்தாள். நான் அடுப்படிக்குப் போய் ஒரு வடையைத் திருடி வாயில் போட்டுக்கொண்டேன். அம்மா என் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் எல்லாரும் மொட்டை மாடிக்கு ஏறினோம். அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்துக் கடைசியாக வந்தாள். மலையைப் பாதிவரை மேகம் மூடியிருந்தது. ஊர் முழுக்க மாடிகளில் ஜனம். பேச்சுச் சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. மேகம் விலக, உச்சியில் சின்னதாக ஒரு பொட்டு தெரிந்து குபுக்கென்று எழுந்தது. "அண்ணாமலைக்கு அரோகரா!" என்று ஊரே ஒரே குரலாக எழுப்பிய சத்தத்தில் மாடித் தரை அதிர்ந்தது. எல்லாருடைய கையும் தலைக்குமேல் போனது. அம்மாவின் கையும் போனது. அப்படியே முன்னால் சாய்ந்து தரையில் விழுந்தாள்.

விழுந்து கும்பிடுகிறாள் என்றே எல்லாரும் நினைத்தோம். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது.

"பக்தியப் பாருடி உங்கம்மாவுக்கு" என்று என் தலையைத் தடவினாள்.

சிலர் அம்மாவைப் பார்த்துத் தாங்களும் விழுந்து கும்பிட்டு எழுந்தார்கள். அவள் எழவில்லை. நான்தான் முதலில் போய்த் தோளைத் தொட்டேன். ஜில்லென்று இருந்தது. "அம்மா" என்று நான் கத்தியது அரோகராவில் கரைந்துபோனது. அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்த பிறகுதான் அவர் திரும்பிப் பார்த்தார்.

தீபத்தன்று தெருவில் வண்டி ஏது? அப்பா அவளைக் கையில் தூக்கிக்கொண்டார். கோயிலை நோக்கி வருகிற அத்தனை ஜனத்துக்கும் எதிராக, "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கத்திக்கொண்டே போனார். தொங்கிய புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன். மூட்டை தூக்கிப் பழகிய உடம்பு அப்பாவுக்கு. பாதி வழியில் அவர் அழ ஆரம்பித்தார். அம்மா கனமாக இருந்ததால் இல்லை. கனமே இல்லாததால் என்று வெகுகாலம் கழித்து அவரே என்னிடம் சொன்னார்.

டாக்டரம்மா ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றினார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். எல்லாம் வெள்ளைக் காகிதமாக இருந்தன.

"இன்னிக்கு என்ன சாப்பிட்டாங்க?"

"விரதங்க" என்றார் அப்பா.

"நேத்து?"

"திருவிழா பத்து நாளும் ஒருபொழுதுங்க."

"அதுக்கு முன்னாடி?"

அம்மா என்ன சாப்பிடுகிறாள், எப்போது சாப்பிடுகிறாள் என்று அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்த ஒன்றைச் சொன்னார்.

"ஆனா காபிய சுத்தமா நிறுத்திட்டோங்க. நீங்க சொன்னதுலேர்ந்து ஒரு சொட்டுக்கூடக் கிடையாது."

டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபத்தில் குரல் ஏறவில்லை, இறங்கியது.

"நான் நிறுத்தச் சொல்லல. கம்மி பண்ணச் சொன்னேன். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, அதுக்கு மேல வேணாம், ரத்தத்துக்குக் குடுத்த மாத்திரையக் காபியோட போடாதீங்க, வெறும் வயித்துல காபி குடிக்காதீங்கன்னு சொன்னேன். நீங்க காபிய நிறுத்திட்டு வெறும் வயித்த அப்படியே விட்டுட்டீங்க."

டாக்டரம்மா குளுக்கோஸ் சொட்டுவதைச் சரிபார்த்துவிட்டு மேலே பேசினார்.

"இந்தம்மா உடம்புல ரத்தமே இல்ல. இதுல குழந்தை எங்கேர்ந்து வரும்? இன்னும் கொஞ்ச நாள் இப்படியே போயிருந்தா இவங்களே இருந்திருக்க மாட்டாங்க. மூணு வேளை, நேரத்துக்குச் சோறு. அதான் மருந்து."

அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். தூங்கவில்லை. இந்தத் தடவை டாக்டரம்மா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவள் காதில் நேராகப் போய் விழுந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகு அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டு, "நான் என்ன கெடுதலா நெனச்சேன்?" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் கேட்டாள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. கஞ்சி, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்று அவளே ஓடி ஓடிக் கொடுத்தாள். ஆனால் அம்மா எழுந்து நடமாடத் தொடங்கியதும் வீடு பழையபடி ஆயிற்று. உறவு ஜனம் ஊருக்குப் போயிற்று. திங்கட்கிழமை வந்தது.

அன்று காலையில் அம்மா இட்லி அவித்தாள். துணியில் டிகாக்‌ஷன் வடித்து மூடி வைத்தாள். அந்த வாசனையில் நான் எழுந்து வந்தபோது, அவள் கூடத்தில் அப்பா வழக்கமாக உட்காரும் இடத்துக்கு எதிரே தட்டைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். தட்டில் இட்லி, மல்லாட்டைச் சட்னி. அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஏதோ தப்பு நடக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

அத்தை கொல்லையிலிருந்து வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஏம்மா, இன்னிக்குச் சோமவாரம். கார்த்திகைச் சோமவாரம்."

"தெரியும் அண்ணி." அம்மா ஒரு விள்ளலைச் சட்னியில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"இன்னும் தம்பிகூடச் சாப்பிடல."

"அதுவும் தெரியும் அண்ணி."

"உள்ள காபி வேற போட்டு வெச்சிருக்கே."

"ஆமா. வெறும் வயித்துல காபி குடிக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. காபிய நான் விடறதா இல்ல. அதனால சாப்பிடறேன்."

சண்டைக்குரல் இல்லை. உலை கொதித்துவிட்டது என்று சொல்வது போலத்தான் சொன்னாள். கடைசியாக அத்தை தன்னிடம் இருந்த பெரிய கேள்வியைக் கேட்டாள்.

"அப்ப உனக்குப் புள்ள வேணாமா?"

அம்மா மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள். என்னைப் பார்த்தாள்.

"இருக்கே அண்ணி ஒண்ணு. அதுக்கு அம்மா வேணும்."

குளித்து விபூதி பூசிக்கொண்டு அப்பா அப்போதுதான் கூடத்துக்கு வந்தார். தட்டின் முன் அம்மா. நிலைப்படியில் அத்தை. அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அத்தை விடவில்லை.

"மண்டிக்கு நேரமாச்சு. ஆம்பள நிக்கிறான், நீ உக்காந்து சாப்பிடறே."

அம்மா எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் நிமிர்த்தி அப்பாவைப் பார்த்தாள்.

"கொஞ்சம் இருங்க. நான் சாப்பிட்டு வந்து வெக்கிறேன்."

அப்பா அத்தையைப் பார்த்தார். அம்மாவின் முழங்கையில் கிடந்த வளையலைப் பார்த்தார். பிறகு மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு, வெறும் தரைக்கு முன்னால், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

அம்மா இன்னொரு இட்லி வைத்துக்கொண்டாள்.